அவரைச் சேட்டா என்று கூப்பிடுகிறவர்கள்

எனக்குப் பொறாமை அதிகம். இதை நான் மறைத்ததில்லை, மறைக்கவும் தெரியாது, முகமே காட்டிக்கொடுத்துவிடும். கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரர் பஸ்ஸில் யாருக்காவது எழுந்து இடம் கொடுத்தால்கூட, உட்கார்ந்தது ஆணா பெண்ணா என்று கழுத்தைத் திருப்பிப் பார்ப்பேன். அவர் அதற்கெல்லாம் சிரித்துக்கொள்வார். சிரிக்கிற ஆள், பேசுகிற ஆள் இல்லை என்றுதான் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவருக்கு வாஷிங் மெஷின் ரிப்பேர் வேலை. ஒரு பெரிய கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் சம்பளத்துக்கு இருந்தார். நீலச் சட்டை, மார்பில் கம்பெனி பெயர், தோளில் பை. அவர்கள் சொல்லும் வீட்டுக்குப் போவார், சாயங்காலம் திரும்புவார், மாதம் முடிந்தால் சம்பளம். நான் மட்டாஞ்சேரியில் ஓர் எய்டட் பள்ளிக்கூடத்தின் ஆபீசில் கிளார்க். அரசாங்கச் சம்பளம். வீட்டில் நாங்கள் இரண்டே பேர். தலைமுறைகளாக இங்கேயே இருக்கிற தமிழ் ஆட்கள் எல்லோரையும்போல வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் மலையாளம்.

சர்வீஸ் சென்டருக்குப் புதிதாக ஒரு மேலாளர் வந்தார். மெஷினைச் சரிசெய்தால் மட்டும் போதாது, போகிற வீட்டிலெல்லாம் ஒரு வருடப் பராமரிப்பு ஒப்பந்தத்தை விற்றுவிட்டுத்தான் வரவேண்டும் என்றாராம். பெல்ட் மாற்றினால் போதும் என்கிற இடத்தில் மோட்டாரே போய்விட்டது என்று சொல்லச் சொன்னாராம். இவர் நீலச் சட்டைகளைத் துவைத்து, இஸ்திரி போட்டு, மடித்து மேலாளரின் மேஜைமேல் வைத்துவிட்டு வந்துவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாயங்காலம் சாயா குடித்துக்கொண்டே, "இனிமே தனியா பாக்கலாம்னு இருக்கேன்" என்றார், மழை வரும்போல இருக்கிறது என்று சொல்வதுபோல.

அன்று ராத்திரியே மாதச் செலவை என் ஒரு சம்பளத்துக்குள் அடக்கி எழுதிப் பார்த்தேன். ஆனால் அவருக்கு வேலைக்குப் பஞ்சமே வரவில்லை. மட்டாஞ்சேரியில் உப்புக் காற்று, எந்த மெஷினும் அடியில் துருப்பிடிக்காமல் தப்புவதில்லை. தண்ணீரும் அப்படித்தான், குழாயோடு சேறும் வரும். பழைய வீடுகளுக்கு இவர் முகம் தெரியும். ஒரு வீடு இன்னொரு வீட்டுக்குச் சொல்ல, புதிதாக வாங்கிய போன் நம்பர் அடித்துக்கொண்டே இருந்தது.

பொறாமை அங்கேதான் ஆரம்பித்தது. முதலில் அவருடைய நேரத்தின்மேல். நான் பள்ளிக்கூட மணி அடிக்கும் முன்பு நாற்காலியில் இருக்க வேண்டும், இவர் இட்லியை நிதானமாகத் தின்றுவிட்டு, யார் வீட்டுக்கு முதலில் போகலாம் என்று மேலே பார்த்து யோசிப்பார். பிறகு அவருக்குக் கிடைத்த மரியாதையின்மேல். அதற்கப்புறம்தான் முக்கியமானது வந்தது. வாஷிங் மெஷின் வீட்டில் பெண்களின் சாமான். கெட்டுப்போனால் கூப்பிடுகிறவர்களும் பெண்கள், கதவைத் திறக்கிறவர்களும் பெண்கள். நீலச் சட்டை இருந்தவரை அவரைக் கம்பெனிக்காரர் என்றார்கள். சட்டை போனதும் எல்லோருக்கும் அவர் சேட்டன் ஆகிவிட்டார். மலையாளத்தில் அண்ணனும் சேட்டன்தான், கட்டிய புருஷனும் சேட்டன்தான். "சேட்டா, மெஷின் கேடாயிப்போச்சு." "சேட்டா, இன்னிக்கு வருவீங்கல்ல?" தமிழ் வீட்டுப் பெண்களும் இதே பாட்டுத்தான். மட்டாஞ்சேரியில் அவரைச் சேட்டா என்று கூப்பிடாத ஒரே பெண் நான்தான். எனக்கு அவர் என்றைக்கும் 'ஏங்க' தான்.

அதனால் ஒரு வேலை செய்தேன். போனைக் காட்டிப் பணம் அனுப்ப எல்லா மெக்கானிக்கும் ஒரு கியூஆர் அட்டை வைத்திருக்கிறார்கள் அல்லவா, இவருக்கும் அது வேண்டியிருந்தது. அதை என் வங்கிக் கணக்கில் எடுத்தேன். அவருடைய கணக்குச் சம்பளக் கணக்கு, அதை எப்போது மூடுவார்களோ என்று ஒரு காரணம் சொன்னேன். உண்மைக் காரணம் அவருக்கும் தெரியும். பணம் விழுந்தால் என் போன் 'டிங்' என்னும், அனுப்பியவர் பெயர் திரையில் வரும். அவர் எந்த வீட்டில் இருக்கிறார், எப்போது முடித்தார் என்று ஆபீசில் உட்கார்ந்தபடியே தெரிந்துகொள்ளலாம். "உன் அக்கவுண்ட் வேற, என் அக்கவுண்ட் வேறயா" என்று சொல்லி, அட்டையை டூல் பையின் மூடியில் ஒட்டிக்கொண்டார்.

ஒரு வருடத்துக்கு மேல் எனக்கு நிம்மதி. வகுப்பில் டீச்சர்கள் வருகைப் பதிவு எடுக்கிற நேரத்தில் நான் போனில் எடுத்துக்கொண்டிருப்பேன். எல்லாப் பெயர்களும் மனப்பாடம். அவற்றில் ஒரு பெயர் மட்டும் அடிக்கடி வந்தது. விசாரித்ததில், கொச்சங்காடியில் இருக்கும் ஒரு சேச்சி என்று தெரிந்தது. மெஷினின் பம்பைக் கழற்றியபோது அவருடைய தொலைந்துபோன தங்கக் கம்மல் ஒன்று உள்ளே கிடந்திருக்கிறது, இவர் எடுத்துக் கொடுத்திருக்கிறார். அன்றிலிருந்து அங்கே போனால் சாப்பாடு போட்டுத்தான் அனுப்புவார்களாம். ஊரில் உள்ளவர்களின் கம்மலும் கொக்கியும் பிரா கம்பியும் இவர் கைக்குத்தான் வரவேண்டுமா என்று எனக்குக் காதில் புகை வந்தது.

இதற்கிடையில் எங்கள் வீட்டு மெஷின் நின்றுபோனது. தண்ணீர் வெளியே போகவில்லை. "பாக்கலாம்" என்றார். ஒவ்வொரு ஞாயிறும் பாக்கலாம் என்றார். நான் துணிகளைக் கல்லில் அடித்துத் துவைத்தேன், கல்லில் விழுந்த அடிகளில் பாதி அவருக்கானது.

அப்படி இருக்கும்போதுதான் வீட்டு ஓனர் வந்தார். நாங்கள் குடியிருந்தது சுவரோடு சுவர் ஒட்டிய பழைய வரிசை வீடுகளில் ஒன்று. கீழே இரண்டு அறை, மேலே ஒன்று, பின்பக்கச் சன்னலைத் திறந்தால் கிடங்கிலிருந்து சுக்கு வாசனை. ஓனர் திருப்பூணித்துறையில் இருக்கிறார், வாடகை வாங்கக்கூட வரமாட்டார். அன்று நேரில் வந்து உட்கார்ந்து, வீட்டை விற்கப்போவதாகச் சொன்னார். ஹோம்ஸ்டே நடத்துகிற ஒருவர் கேட்கிறாராம், மூன்று அறையையும் சுற்றுலாக்காரர்களுக்கு விடுவாராம். ஆனாலும் நாங்கள் வெகுநாள் இருந்தவர்கள் என்பதால் முதலில் எங்களிடம் கேட்பதாகச் சொன்னார்.

அவர் போனபிறகு நான் பின்னறையில் போய் நின்றேன். இருபது வயதில் அந்த வீட்டுக்கு வந்தவள். இன்னொருத்தியின் பெட்டி அந்த அறையில் திறந்து கிடப்பதை நினைத்தால், முகம் தெரியாத அந்தப் பெண்கள்மேல்கூட எனக்குப் பொறாமை வந்தது. இந்த வீடு எனக்கு வேண்டும் என்று அவரிடம் சொன்னேன். சரி என்றார்.

வங்கியில் கடன் பிரிவில் இருந்தவர் ஒரு பெண் அதிகாரி. என்னைவிடச் சின்னவர், கைத்தறிச் சேலை, மூக்கில் மெல்லிய கண்ணாடி. என் சம்பளச் சீட்டைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு இவரிடம் என்ன தொழில் என்று கேட்டார். சொன்னதும் அந்த அம்மாவின் முகம் மலர்ந்ததே, கடன் கேட்டு வந்தவர்கள் நாங்களா அவரா என்று தெரியாமல் போனது. அவர் வீட்டு மெஷின் துணி பிழியும்போது நடந்து நடந்து பாத்ரூம் வாசலுக்கு வந்துவிடுகிறதாம். மெஷினின் கால்களை மட்டம் பார்த்தீர்களா என்று இவர் கேட்டார். அடியில் ரப்பர் வைக்கவேண்டாம், துணியைக் குறைத்துப் போட்டுப் பாருங்கள், உள்ளே ஸ்பிரிங் போயிருக்கலாம் என்று விளக்கினார். மெஷின் ஆடுவதைக் கையால் ஆட்டிக் காட்டினார். வீட்டில் ஒரு மாதத்துக்குப் பேசுகிற பேச்சு அந்த மேஜையிலேயே முடிந்தது. நான் சம்பளச் சீட்டைப் பிடித்துக்கொண்டு சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

விஷயத்துக்கு வந்ததும் அந்த அம்மா கறாராகிவிட்டார். என் சம்பளத்தை மட்டும் வைத்துக் கொடுக்கிற கடன் வீட்டு விலைக்கு எட்டாது. இவருடைய வருமானத்தையும் சேர்த்தால் எட்டும். ஆனால் தனித்தொழில் செய்கிறவருக்கு இரண்டு வருடத்து வருமானவரிக் கணக்கு வேண்டும், இவரிடம் ஒன்றுதான் இருந்தது. சரி, தொழிலில் வந்த பணத்தையாவது காட்டுங்கள் என்றார். நான் பெருமையாக என் கணக்கின் ஸ்டேட்மெண்டை நீட்டினேன். ஒரு வருடத்து டிங்குகள் அத்தனையும் அதில் இருந்தன.

பக்கம் பக்கமாகப் புரட்டிவிட்டு அவர் என்னைக் கேட்டார், இந்தப் பணம் யாருடையது என்று. இவருடையது என்றேன். அப்படியானால் உங்கள் கணக்கில் ஏன் வருகிறது? உங்களுடையது என்றால் அது வேறு வம்பு, அரசாங்கச் சம்பளம் வாங்கிக்கொண்டு தனியாகத் தொழில் நடத்துவதாக ஆகிவிடும் என்றார். இவருடையது என்றால் இவர் பெயரில் வந்திருக்க வேண்டும். இப்போதைக்கு வங்கியின் கண்ணில் இவர் ஒரு வருடமாகச் சும்மா இருப்பவர். மட்டாஞ்சேரியில் பாதி வீட்டு மெஷின் ஓடுவது இவரால்தான், ஆனால் அந்த ஒற்றை வரிக் கணக்கைத் தாங்கிப் பிடிக்க இவர் பெயரில் ஒரு காசு வரவு இல்லை.

இவர் "கொழப்பமில்ல, மாத்திக்கலாம்" என்று மட்டும் சொன்னார். இவர் பெயரில் ஒரு நடப்புக் கணக்கு, அதில் தொடர்ந்து வரவு, மார்ச் முடிந்ததும் இரண்டாவது வருடக் கணக்குத் தாக்கல், எல்லாம் ஒழுங்காக இருந்தால் விஷு கழிந்து வாருங்கள், பார்க்கலாம் என்று அனுப்பிவைத்தார் அந்த அம்மா. வாசல்வரை வந்து, ஒரு நாள் அவர் வீட்டுப் பக்கம் வரமுடியுமா என்று கேட்டு இவரிடம் நம்பரும் வாங்கிக்கொண்டார்.

ஓனர் அதுவரை வெறுமனே காத்திருப்பாரா? கராறுப் பத்திரம் எழுதி அட்வான்ஸ் கொடுத்தோம். ஜூன் மாதத்து இடவப்பாதி மழை பிடிப்பதற்குள் முழுப்பணம் வரவேண்டும், வராவிட்டால் அட்வான்ஸ் போனது போனதுதான், வீடு ஹோம்ஸ்டேக்காரருக்கு. அட்வான்சுக்காக என் கல்யாண வளையல்கள் அடகுக்குப் போயின. ஆக, வளையலும் வீடும் இரண்டும் இவருடைய புதுக் கணக்கில் விழப்போகிற சில்லறைகளை நம்பித் தொங்கின.

அன்று சாயங்காலமே இவர் பிளேடை எடுத்து டூல் பையிலிருந்த என் அட்டையைச் சுரண்டினார். பசை போகவில்லை, மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தார். புதியதை ஒட்டி, நேராக இருக்கிறதா என்று என்னிடமே காட்டிக் கேட்டார். நேராகத்தான் இருந்தது.

அதன்பிறகு என் போன் வாயடைத்துப்போனது. பணம் எல்லாம் அவருடைய போனில் விழுந்தது. ஆபீசில் நான் போனை எடுத்து எடுத்துப் பார்ப்பேன், ஒன்றும் இருக்காது. மாதக் கடைசியில் டீச்சர்களின் லீவுக் கணக்கில் இரண்டு தப்புப் போட்டேன். சாயங்காலம் அவரிடம் இன்று எங்கெல்லாம் போனீர்கள் என்று கேட்டால், "அங்கங்க" என்பார். யார் வீட்டில் என்றால், "அங்க ஒரு வீட்ல" என்பார். கண்கொத்திப் பாம்பாக இருந்தவளைக் கண்ணைக் கட்டி விட்டதுபோல ஆயிற்று. வீட்டுக்காகத்தானே என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன், ஆனால் அந்தக் கொச்சங்காடிப் பெயர் இப்போது எத்தனை முறை வருகிறது என்று தெரியாததுதான் என்னைத் தின்றது.

பொறுக்கமுடியாமல் ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டதும் கொச்சங்காடிக்கு நடந்தேன். கிடங்குகளுக்கு நடுவே ஒரு சந்து, கொடிகளில் வெள்ளை விரிப்புகள் வரிசையாகக் காய்ந்தன. அந்தச் சேச்சி ஹோம்ஸ்டேக்களின் விரிப்புகளைத் துவைத்துக் கொடுக்கிறவர், அதனால்தான் மெஷினுக்கு ஓய்வில்லை, அது கெட்டுக்கொண்டே இருக்கிறது. இது தெரிந்ததும் மனசு கொஞ்சம் ஆறியது. ஆனால் அவர் வாசலுக்கு வந்ததும் மறுபடி எரிந்தது. என் வயதுதான் இருக்கும். என்னைவிட உயரம், அடர்த்தியான முடி, சிரித்தால் ஒரு பக்கம் குழி. அழகி என்பதை நான் சொல்லித்தான் ஆகவேண்டும்.

நான் யாரென்று சொல்லவில்லை. "சேட்டன்டெ ஆளல்லே? கேறி வா" என்று அவரே உள்ளே கூட்டிப்போனார். என்னை எப்படித் தெரியும் என்று கேட்டேன். நடையை வைத்து என்றார். இடது முழங்கால் வலியால் கொஞ்சம் சாய்ந்து நடப்பேன் என்று சேட்டன் சொல்லியிருக்கிறாராம். மரவள்ளிக் கப்பையும் மீன்கறியும் வைத்தார், கத்திரிக்காய்ப் பாத்திரத்தை மட்டும் எடுக்கவில்லை, எனக்கு அது ஆகாதல்லவா. டிபார்ட்மெண்ட் டெஸ்டில் நான் இரண்டாவது தடவைதான் பாஸானேன் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. பிறகு வீட்டைப் பற்றிக் கேட்டார். யாரும் இல்லாதபோது பின்னறையில் நின்று இரண்டு கையையும் விரித்து, அலமாரியை எங்கே வைக்கலாம் என்று அளந்து பார்ப்பேனாமே, இப்போது இடம் முடிவாகிவிட்டதா என்று கேட்டார்.

அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அவர் பார்த்தார் என்பதே எனக்குத் தெரியாது. நான் அளந்ததை அவர் பார்த்திருக்கிறார், பார்த்ததை என்னிடம் சொல்லாமல் இங்கே வந்து சொல்லியிருக்கிறார். அவர்கள் இருவருக்கும் நடுவே தப்பாக ஒன்றும் இல்லை என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அதனால் நிம்மதி வரவில்லை. தப்பு ஏதாவது இருந்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம். எனக்கு வரவேண்டிய பேச்செல்லாம் ஊரில் ஒவ்வொரு வீட்டுக் குளியலறை வாசலிலும் இறக்கிவைக்கப்பட்டிருக்கிறது, எனக்கு மிஞ்சியது 'அங்கங்க' மட்டும். தட்டில் பாதியை வைத்துவிட்டு எழுந்தேன்.

வீட்டுக்கு வந்து சண்டைதான் போட்டேன். ஊரெல்லாம் என் முழங்காலைப் பற்றிப் பேசத் தெரிகிறது, என்னிடம் பேச மட்டும் வாய் வராதா என்று கேட்டேன். அவர் பனியனோடு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். நான் முடித்ததும் சொன்னார்:

"கை வேலையில இருந்தாத்தான் எனக்கு வாய் தொறக்குது. மெஷின் பக்கத்துல குனிஞ்சு ஒக்காந்தா பேச்சு தானா வருது. வெறுதே மூஞ்சியப் பாத்து ஒக்காந்து பேச எனக்குத் தெரியாது."

நான் பின்கட்டில் போய் எங்கள் மெஷினைப் பார்த்தேன். மூடியின்மேல் வெங்காயக் கூடை இருந்தது.

மறுநாள் ஆபீசில் சாப்பாட்டு நேரத்தில், அவருடைய வேலை நம்பருக்குப் போன் செய்தேன். அந்த நம்பருக்கு நான் அதுவரை கூப்பிட்டதே இல்லை. அவர் எடுத்து ஹலோ என்றார், அந்த ஹலோவே எனக்குத் தெரியாத ஹலோவாக இருந்தது.

"சேட்டா," என்றேன். "மெஷின்ல தண்ணி வெளிய போக மாட்டேங்குது. சனிக்கிழமை வர முடியுமா?"

அந்தப் பக்கம் எங்கோ ஒரு மெஷின் சுற்றுவது மட்டும் கேட்டது. சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"எந்தக் கம்பெனி மெஷின்?" என்று கேட்டார். சொன்னேன். "எத்தன வருஷமாச்சு?" அதையும் சொன்னேன். "சனிக்கிழமை பத்து மணிக்கு வர்றேன், அட்ரஸ் சொல்லுங்க" என்றார். என் வாழ்க்கையில் முதல்முறையாக அவர் என்னை வாங்க போங்க போட்டுப் பேசினார். நான் வீட்டு விலாசத்தை ஒழுங்காகச் சொன்னேன், கிடங்குக்கு முன்னால் இரண்டாவது வாசல் என்று அடையாளமும் சொன்னேன்.

சனிக்கிழமை காலையில் வழக்கம்போலக் கிளம்பிப் போனவர், சொன்ன நேரத்துக்குத் திரும்பி வந்து முன்வாசலில் காலிங் பெல்லை அடித்தார். செருப்பை வெளியே விட்டார். தலை வாரியிருந்தார். நான் நல்ல சேலை கட்டியிருந்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். வெங்காயக் கூடையை முன்பே எடுத்துவிட்டேன். அவர் மெஷினைச் சாய்த்துவைத்து, தரையில் உட்கார்ந்து, பின்பலகையின் ஸ்க்ரூவைக் கழற்ற ஆரம்பித்தார். நான் முக்காலி போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

முதலில் மெஷினைப் பற்றித்தான் பேசினார். பிறகு சொன்னபடியே வாய் திறந்தது. நீலச் சட்டை போட்டிருந்த காலத்தில் ஒருத்தரும் தன் பெயரைக் கேட்டதில்லை என்றார். இப்போது கேட்கிறார்கள், அது நன்றாக இருக்கிறது என்றார். வேலையை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்த அன்று, சாயா குடிக்கிற சாக்கில் அதைச் சொன்னதற்குக் காரணம், கிளாசை வாயில் வைத்திருந்தால் முகம் தெரியாது என்பதுதானாம். பம்பைத் திறந்தார். ஒரு சேஃப்டி பின், இரண்டு பட்டன், கொஞ்சம் நூல் உருண்டை. அவற்றை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"வீட்ல ஒரு ஆளு இருக்கு. அதோட வளையல் அடகுல கெடக்கு. அந்த ஆளு அலமாரிக்கு எடம் பாத்து வெச்சிருச்சு. பேங்க்காரங்க இல்லைன்னுட்டா என்ன செய்யன்னு தெரியல. பேடியா இருக்கு."

பயத்தை மட்டும் அவர் எப்போதும் மலையாளத்தில்தான் சொல்வார். நான் அவர் தோளைத் தொடப்போனேன். வந்தவர் மெக்கானிக், தொடக்கூடாது என்று கையை எடுத்துக்கொண்டேன். எல்லாம் சரியாகும் சேட்டா என்றேன். கொச்சங்காடிக்காரியும் இப்படித்தான் சொல்லியிருப்பாள் என்று அந்த நேரத்திலும் தோன்றியது. ஆனால் அவளுக்கு வெறும் கம்மல்தான் கிடைத்தது.

மெஷின் ஓடியது. தண்ணீர் குழாய்வழியாகக் குபுகுபுவென்று வெளியே போவதை இருவரும் நின்று பார்த்தோம். நல்ல கப்பில் சாயா கொடுத்தேன். எவ்வளவு என்று கேட்டேன். எல்லோரிடமும் வாங்குவதைச் சொன்னார், ஒரு பைசா குறைக்கவில்லை. குறைத்திருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும். டூல் பையின் மூடியில் இருந்த அட்டைக்கு நேராகப் போனைப் பிடித்தேன். அவருடைய போன் 'டிங்' என்றது. எடுத்துப் பார்த்தார், என் பெயர் அதில் வந்திருந்தது. தேங்க்யூ சேச்சி என்று சொல்லிவிட்டு முன்வாசல் வழியாகப் போனார்.

விஷு கழிந்து மறுபடி அதே மேஜைக்கு முன்னால் உட்கார்ந்தோம். இரண்டாவது வருடக் கணக்கு இருந்தது, நடப்புக் கணக்கின் ஸ்டேட்மெண்ட் கற்றையாக இருந்தது. அந்த அம்மா பென்சிலை எடுத்து ஒவ்வொரு வரவாக டிக் போட்டுக்கொண்டே வந்தார். தலைகீழாக இருந்தாலும் எனக்கு எல்லாப் பெயரும் படிக்க வந்தது, எல்லாம் தெரிந்தவர்கள்தானே. கொச்சங்காடி, டிக். மறுபடியும் கொச்சங்காடி, டிக். வெளியே வானம் இருட்டிக்கொண்டு வந்தது, இடவப்பாதிக்கு அதிக நாள் இல்லை. இவர் முழங்கால்மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். பேடி எப்படி இருக்கும் என்று எனக்கு இப்போது தெரியும்.

பென்சில் ஒரு இடத்தில் நின்றது. இது நீங்கள்தானே என்று அந்த அம்மா என்னைக் கேட்டார். ஆமாம் என்றேன். குடும்பத்துக்குள் கைமாறுகிற பணத்தை வருமானத்தில் சேர்க்க முடியாது என்று சொல்லி, என் பெயரின்மேல் நேராக ஒரு கோடு இழுத்தார்.

"மேடம், அது சர்வீஸ் சார்ஜ்," என்றேன். "மெஷின் கெட்டுப்போச்சு, கூப்பிட்டேன், வந்தார், சரிபண்ணார், காசு குடுத்தேன். இது எப்படி வருமானம் இல்லாமப் போகும்?"

இவர் மேஜைக்கு அடியில் என் கையைப் பிடித்தார். அந்த அம்மா சிரித்துவிட்டு, கடைசி வரிவரை டிக் போட்டு முடித்தார். அந்த ஒரு வரவு இல்லாமலே கணக்குச் சரியாக வருகிறது, கவலைப்படாதீர்கள், கடன் பாஸாகிவிடும் என்றார். எங்கெங்கே கையெழுத்துப் போடவேண்டும் என்று காட்ட ஆரம்பித்தார். இவர் நாற்காலியில் சாய்ந்து, அந்த வருடம் முழுவதும் அடக்கிவைத்திருந்த மூச்சை விட்டார். வீடு எங்களுடையது. வளையல் திரும்பி வரும். அலமாரி பின்னறைக்குப் போகும். எனக்குச் சந்தோஷம்தான், இல்லை என்று சொல்லமாட்டேன்.

ஆனால் கண் அந்தத் தாளைவிட்டு நகரவில்லை. மட்டாஞ்சேரியில் அவரைச் சேட்டா என்று கூப்பிடுகிற அத்தனை பெண்களும் வரிசையாக அதில் இருந்தார்கள். என் பெயருக்கு மூன்று வரி கீழே அந்த அதிகாரி அம்மாவின் பெயரும் இருந்தது, நடக்கிற மெஷினைச் சரிசெய்த காசு. அதற்கும் டிக் இருந்தது. கோடு எனக்கு மட்டும்தான்.

வெளியே வந்தோம். தூறல் விழுந்தது. இவர் முகத்தில் சிரிப்பு அடங்கவில்லை. பஸ் ஸ்டாப்பில் குடையை என் பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, வருமானத்தில் சேர்க்கமாட்டார்கள் என்றால் அந்தக் காசை எனக்கே திருப்பி அனுப்பிவிடட்டுமா என்று கேட்டார்.

"அனுப்பிப் பாருங்க, தெரியும்," என்றேன்.